வி.வி.டி. எஞ்சினுக்கு நாற்பதாயிரம் அதிகம் கொடுக்கலாமா?

கேள்வி இது: "இரண்டு பழைய ஸ்விஃப்ட் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 1.2 லிட்டர் பெட்ரோல். ஒன்று 2010 மாடல், வி.வி.டி. இல்லாதது. இன்னொன்று 2012, வி.வி.டி. உள்ளது, விலை நாற்பதாயிரம் ரூபாய் கூடுதல். காகிதத்தில் பார்த்தால் குதிரைத் திறனில் இரண்டே இரண்டுதான் வித்தியாசம். எங்கள் மெக்கானிக் அண்ணன், 'அது வெறும் செலவுங்க, சாதா எஞ்சினே எடுங்க' என்கிறார். இந்த வி.வி.டி.யால் உண்மையில் என்ன லாபம்?"

வி.வி.டி. என்பது 'வேரியபிள் வால்வு டைமிங்' என்பதன் சுருக்கம்: எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் கதவுகளான வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஓடும்போதே மாற்றுவது. மெக்கானிக் அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், நீங்கள் பார்த்த அந்தக் குதிரைத் திறன் வரியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் வரியைப் படியுங்கள். பழைய எஞ்சின்: 85 குதிரைத் திறன், முறுக்கு விசை, அதாவது இழுவை, 113 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது நிமிடத்துக்கு 4,500 சுற்றில். புதியது: 87 குதிரைத் திறன், 114 நியூட்டன் மீட்டர், கிடைப்பது 4,000 சுற்றில். எல்லோரும் 85, 87 என்று ஒப்பிட்டுவிட்டு "ஒன்றுமில்லை" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். விஷயம் அந்த 500 சுற்றில் இருக்கிறது. அதே இழுவை 500 சுற்று முன்னாலேயே கையில் கிடைக்கிறது. குதிரைத் திறன் என்பது ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்து, 6,000 சுற்றில் ஓட்டும்போது கிடைக்கும் எண். உங்கள் வாழ்நாளில் அந்த இடத்தில் எத்தனை நிமிடம் இருப்பீர்கள்? சிக்னலில் கிளம்புவது, லாரியை முந்துவது, மேம்பாலம் ஏறுவது எல்லாம் 1,500-க்கும் 3,500-க்கும் நடுவில் நடப்பவை. வி.வி.டி. வேலை செய்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஏன் என்று புரிய வேண்டுமானால் வால்வு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பாடத்தில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் படம் போட்டிருப்பார்கள். பிஸ்டன் மேலிருந்து கீழே வரும்போது காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்திருக்கும், கீழே வந்ததும் மூடிவிடும். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட்டும் அதே மாதிரி, பிஸ்டன் மேலே ஏறும்போது திறந்து, உச்சியில் மூடும். அந்தப் படம் பரீட்சைக்கு நல்லது. எஞ்சினை அப்படிச் செய்தால் ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். காரணம், காற்றுக்கு எடை உண்டு. நின்றிருக்கும் காற்றை ஓட வைக்க நேரம் ஆகும், ஓடும் காற்றை நிறுத்தவும் நேரம் ஆகும்.

நேரம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று. ஒரு இன்டேக் ஸ்ட்ரோக் என்பது, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் அரைச் சுற்று, அதற்கு சுமார் 37 மில்லி விநாடி. 6,000 சுற்றில் அதே வேலைக்கு 5 மில்லி விநாடிதான். குழாயின் நீளம் அதேதான், வால்வின் அளவும் அதேதான், ஆனால் காற்றுக்குக் கிடைக்கும் நேரம் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது.

மாநகரப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணி, அலுவலகம் விடும் நேரம். கூட்டம் படியில் முட்டி மோதி ஏறுகிறது. உள்ளே நிறைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் பின்னால் இருப்பவர்களின் தள்ளலில் இன்னும் நாலு பேர் உள்ளே போய்விடுவார்கள். அனுபவமுள்ள கண்டக்டர் அந்த நேரத்தில் விசிலைக் கொஞ்சம் தாமதித்து ஊதுவார். அதே கண்டக்டர் மதியம் இரண்டு மணிக்கும் அப்படித் தாமதித்தால்? தள்ள ஆள் இல்லை. ஏறியவர்களில் ரெண்டு பேர் "இந்த வண்டி தாம்பரம் போகாதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

எஞ்சினிலும் அப்படியே. அதிக வேகத்தில் உள்ளே பாய்ந்து வரும் காற்றுக்கு உந்தம் இருக்கிறது. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால் இன்டேக் வால்வைத் தாமதமாக, கிராங்க் கோணத்தில் 50, 60 டிகிரி கழித்து மூடினால் லாபம். குறைந்த வேகத்தில் அந்த உந்தம் இல்லை. தாமதமாக மூடினால், மேலே ஏறும் பிஸ்டன் ஏற்கெனவே உள்ளே வந்த காற்றையே திரும்ப வெளியே தள்ளிவிடும். சிலிண்டர் நிறையாது, இழுவை வராது.

வி.வி.டி. இல்லாத எஞ்சினில் விசில் ஊதும் நேரம், வால்வுகளை மேடுகளால் அழுத்தித் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் (சுருக்கமாகக் கேம்) இரும்பிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. காலை, மதியம், மாலை எப்போதும் ஒரே நேரம்தான். எஞ்சின் வடிவமைப்பவர் எங்கோ நடுவில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். குடும்பக் காருக்கு ஒரு மாதிரி, பந்தயக் காருக்கு வேறு மாதிரி. பந்தயக் கார்கள் நின்றுகொண்டிருக்கும்போது 'தட தட' என்று குலுங்கி, இப்போது அணைந்துவிடுமோ என்பது போல உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். அது ஸ்டைலுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 7,000 சுற்றுக்காகச் செதுக்கிய கேம் 1,000 சுற்றில் படும் அவஸ்தை.

அந்தக் குலுங்கலுக்கு இன்னொரு காரணம், இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் ஒரு சின்ன நேரம். எக்ஸாஸ்ட் மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்துவிடும். இதை ஓவர்லேப் என்பார்கள். வேகமாக ஓடும்போது வெளியேறும் புகை தன் பின்னால் புதிய காற்றை இழுத்துக்கொண்டு வருவதால் இது நல்லது. ஐடிலில் அதே ஓவர்லேப் இருந்தால் புகை தலைகீழாக இன்டேக் பக்கம் ஏறி, புதிய கலவையைக் கெடுத்து, எஞ்சின் தடுமாறும்.

வி.வி.டி. என்பது வேறொன்றுமில்லை, விசில் நேரத்தை ஓடும்போதே மாற்றுகிற ஏற்பாடு. பல கார்களில் இருப்பது மிக எளிமையானது. கிராங்கிலிருந்து கேமைச் சுழற்றும் டைமிங் செயின் சுற்றும் பல்சக்கரத்தையும் கேம்ஷாஃப்டையும் நேராக இறுக்கிவிடாமல், நடுவில் ஒரு டப்பா போன்ற பாகம் வைத்திருப்பார்கள். வெளி ஓடு செயினோடு சுற்றும். உள்ளே விசிறி இதழ்கள் மாதிரி நாலைந்து தகடு கொண்ட ஒரு சுழலி, அது கேம்ஷாஃப்டோடு சேர்ந்தது. இதழின் ஒரு பக்கம் எஞ்சின் ஆயிலை அழுத்தத்தோடு விட்டால் கேம் கொஞ்சம் முன்னால் திரும்பும், மறுபக்கம் விட்டால் பின்னால் திரும்பும். எந்தப் பக்கம் எவ்வளவு ஆயில் என்று தீர்மானிப்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு மின்வால்வு. அதற்கு உத்தரவு போடுவது எஞ்சின் கம்ப்யூட்டர். கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் மாறி மாறிப் பார்த்து, "நான் கேட்ட இடத்துக்குக் கேம் வந்ததா" என்று விநாடிக்குப் பலமுறை சரிபார்த்துக்கொண்டே இருக்கும். கேம் இருபது, இருபத்தைந்து டிகிரி திரும்பினாலே போதும். கிராங்க், கேமைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் அது நாற்பது, ஐம்பது டிகிரி.

இப்போது ஒரு நாள் ஓட்டத்தில் அது என்னென்ன செய்கிறது பாருங்கள். காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். ஆயில் அழுத்தம் இன்னும் வரவில்லை, அதனால் ஒரு சின்னப் பின், இன்டேக் கேமை மிகத் தாமதமான நிலையில் பூட்டி வைத்திருக்கும். ஓவர்லேப் குறைவு, எஞ்சின் அமைதியாக நிற்கும். முதல் கியரில் கிளம்பி, இரண்டாவதில் அழுத்திக் கொடுக்கிறீர்கள். கேம் முன்னால் திரும்புகிறது. இன்டேக் சீக்கிரம் மூடுகிறது, உள்ளே வந்த காற்று வெளியே ஓடாமல் மாட்டிக்கொள்கிறது. நம் ஊரில் 'பிக்கப்' என்று சொல்வது இதைத்தான். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பேருந்தை முந்த 5,000 சுற்றுக்கு மேல் போகிறீர்கள். கேம் மறுபடி பின்னால் போகிறது, இன்டேக் தாமதமாக மூடுகிறது. ஐடிலிலும் உச்ச வேகத்திலும் ஏறக்குறைய ஒரே நிலை, நடுவில்தான் வேறு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நான்காவது நிலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது. ஐந்தாவது கியரில் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில், கால் லேசாகப் பட்டும் படாமலும் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எஞ்சினுக்கு அதன் முழு சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. பெட்ரோல் எஞ்சினில் சக்தியைக் குறைப்பது எப்படி? த்ராட்டில் தகட்டை ஏறக்குறைய மூடி, காற்றைத் தடுத்து. அதாவது எஞ்சின் ஒவ்வொரு முறையும் மூடிய கதவின் இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. ஸ்ட்ராவின் வாயை விரலால் பாதி அடைத்துக்கொண்டு இளநீர் குடித்துப் பாருங்கள், கன்னம் வலிக்கும். எஞ்சினுக்கும் அந்த வலி உண்டு, அதற்கு நீங்கள் பெட்ரோலாகக் காசு கொடுக்கிறீர்கள்.

வி.வி.டி. இங்கே ஒரு தந்திரம் செய்கிறது. வேண்டுமென்றே ஓவர்லேப்பைக் கூட்டி, எரிந்து முடிந்த புகையில் கொஞ்சத்தைச் சிலிண்டரிலேயே தங்க வைக்கிறது. அந்தப் புகை இடத்தை அடைத்துக்கொள்வதால், அதே சக்திக்கு த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் திறக்கலாம். உறிஞ்சும் சிரமம் குறைகிறது, பெட்ரோல் மிச்சம். இரண்டாவது லாபம், மறுபடி எரியாத அந்தப் புகை வெப்பத்தை உள்வாங்கிக்கொள்வதால் எரிப்பு வெப்பநிலை குறைகிறது. நைட்ரஜன் ஆக்சைடு மிக அதிக வெப்பத்தில்தான் உருவாகும், ஆக அதுவும் குறைகிறது. முன்பு இதற்கென்று தனியாக ஒரு குழாயும் வால்வும் வைத்துப் புகையைத் திருப்பி அனுப்பினார்கள். கரி படிந்து அடைத்துக்கொள்ளும் தொல்லை பிடித்த பாகம் அது. வி.வி.டி. வந்த பிறகு பல பெட்ரோல் எஞ்சின்களில் அதை எடுத்தே விட்டார்கள்.

மைலேஜ் எவ்வளவு கூடும் என்று கேட்பீர்கள். கேம் திருப்புவது மட்டும் தனியாகத் தருவது ஒற்றை இலக்கச் சதவீதம்தான். விளம்பரத்தில் வருவதையெல்லாம் இதன் கணக்கில் எழுதாதீர்கள். ஒரு உதாரணம்: 2020-இல் டிசைருக்கு இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு கேமையும் திருப்பும் புதிய எஞ்சினை மாருதி கொடுத்தது. சான்றிதழ் மைலேஜ் லிட்டருக்கு 21.21-இலிருந்து 23.26 கி.மீ. ஆனது, திறனும் 90 குதிரை ஆனது. "டூயல் வி.வி.டி. மகிமை" என்று ஷோரூமில் சொல்வார்கள். ஆனால் அதே எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் வந்தது, சிக்னலில் தானாக அணையும் வசதியும் வந்தது. எல்லாம் சேர்ந்து சமைத்த குழம்பு அது, உப்பு மட்டும் எவ்வளவு ருசி தந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த யோசனை புதிதா என்றால், இல்லை. நீராவி ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் 1840-களிலிருந்தே இதைக் கையால் செய்தார்கள். ஸ்டீவன்சன் கம்பெனி 1842-இல் கொண்டுவந்த வால்வு அமைப்பில் ஒரு நெம்புகோல் இருக்கும். கிளம்பும்போது நீராவியை நீண்ட நேரம் சிலிண்டருக்குள் விடுவார்கள். வேகம் பிடித்ததும் நெம்புகோலைப் பின்னால் இழுத்து, சீக்கிரம் அடைத்துவிட்டு, உள்ளே போன நீராவியையே விரிய விடுவார்கள். கரியும் தண்ணீரும் மிச்சம். காரில் இது வர நூறு ஆண்டுக்கு மேல் ஆனதற்குக் காரணம், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடும் கேமை ஓட்டுநர் கையால் திருப்ப முடியாது என்பதுதான்.

விற்பனைக்கு வந்த கார்களில் முதலாவது, 1980-இன் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 2000. ஜாம்பாவ்லோ கார்சேயா என்ற பொறியாளரின் வேலை. சுவாரசியம் என்னவென்றால், அதைச் செய்ய வைத்தது வேக ஆசையைவிட அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாடு. ஐடிலில் ஓவர்லேப்பைக் குறைத்தால் புகை சுத்தமாகும், இரண்டு கேம் கொண்ட அந்தப் பழைய எஞ்சினின் துள்ளலையும் காப்பாற்றலாம் என்பது கணக்கு.

ஆனால் உலகம் இதைக் கவனித்தது ஹோண்டாவின் விடெக் வந்த பிறகுதான். 1989, இன்டெக்ரா, 1.6 லிட்டர், டர்போ இல்லாமல் 160 குதிரைத் திறன். லிட்டருக்கு நூறு. அன்றைக்கு சாலைக் காரில் அது நம்ப முடியாத எண். இக்குவோ கஜிதானி என்ற பொறியாளர் 140 குதிரையை இலக்காக வைத்திருந்தபோது, ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்த நொபுஹிகோ கவாமோட்டோ "ஏன் லிட்டருக்கு நூறு கூடாது?" என்று கேட்டதாக ஹோண்டாவே கதை சொல்கிறது. விடெக் கேமைத் திருப்பாது. ஒரே கேம்ஷாஃப்டில் இரண்டு வகை மேடு வைத்திருக்கும். சாதாரணமாக ஓரத்து மேடுகள் வால்வைக் குறைவாக, குறைந்த நேரம் திறக்கும். 5,000-ஐத் தாண்டியதும் ஆயில் அழுத்தத்தில் ஒரு பின் நகர்ந்து மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் மூன்று ராக்கர் கைகளையும் ஒன்றாகப் பூட்டும், அப்புறம் நடுவில் இருக்கும் பெரிய மேடு வேலையை எடுத்துக்கொள்ளும். ஒரு எஞ்சினுக்குள் இரண்டு எஞ்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாறும் தருணத்தில் சத்தமே வேறாகிவிடும். நம் ஊரில் 2000-களின் தொடக்கத்தில் வந்த 1.5 லிட்டர் சிட்டி விடெக் 106 குதிரைத் திறனோடு வந்து ஒரு தலைமுறை இளைஞர்களைக் கெடுத்தது. அந்தப் பழைய சிட்டியை இன்றும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு விடெக்கின் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒரு குறையும் உண்டு. வால்வு டைமிங் என்றாலே 'கிக்' என்று மக்கள் நினைக்கத் தொடங்கியது அதனால்தான். கிக் வந்தால்தான் வேலை செய்கிறது, வராவிட்டால் ஏமாற்று என்று. நல்ல வி.வி.டி.யின் அடையாளமே அது வேலை செய்வது உங்களுக்குத் தெரியாமல் இருப்பது. ஹோண்டாவே பிறகு, 2000-களின் தொடக்கத்தில் வந்த ஐ-விடெக்கில், கேம் திருப்பும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டது. பி.எம்.டபிள்யூ. 1992-இல் வானோஸ் என்ற பெயரில் இன்டேக் கேமைத் திருப்பியது. டொயோட்டா தொண்ணூறுகளின் நடுவில், நிலைக்கு நிலை தாவாமல் தொடர்ச்சியாகத் திரும்பும் வி.வி.டி.-ஐ கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான கம்பெனிகள் செய்வது அந்த வழியைத்தான். ஹூண்டாய் கார்களின் பின்புறம் பார்த்திருப்பீர்களே, வி.டி.வி.டி. என்ற எழுத்து, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

பி.எம்.டபிள்யூ. 2001-இல் இன்னும் ஒரு படி போனது. வால்வ்ட்ரானிக் என்ற அமைப்பில், வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வரை மாற்றினார்கள். சக்தியைக் குறைக்க த்ராட்டிலை மூட வேண்டிய அவசியமே இல்லை, வால்வையே குறைவாகத் திறந்தால் போதும். இளநீர் ஸ்ட்ரா பிரச்சினைக்கு நேரடி மருந்து. விலை அதிகம், பாகங்கள் அதிகம், ரிப்பேர் செலவும் அதற்கு ஏற்ற மாதிரி. எல்லோரும் அந்தப் பக்கம் போகவில்லை.

டொயோட்டா வேறு வழியில் போனது. 1997 டிசம்பரில் வந்த பிரியஸில் இன்டேக் வால்வை மிக மிகத் தாமதமாக மூடினார்கள். 'காற்று வெளியே போய்விடுமே' என்று நான் மேலே குறை சொன்னேன் இல்லையா, அதையே வேண்டுமென்று செய்தார்கள். சிலிண்டர் நிறையக் காற்றை உள்ளே இழுத்து, அதில் ஒரு பங்கைத் திரும்ப வந்த குழாய்க்கே (மேனிஃபோல்டு) தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் அழுத்தி எரிப்பது. அழுத்தும் தூரம் குறைவு, எரிந்த பின் விரியும் தூரம் முழுசு. எரிபொருளின் வெப்பத்திலிருந்து அதிக வேலையைப் பிழிந்தெடுக்கலாம். ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1880-களில் சிக்கலான இணைப்புக் கம்பிகளை வைத்துச் செய்த காரியத்தை இவர்கள் வால்வு டைமிங்கால் செய்தார்கள். இழுவை குறையும், அதை மின்மோட்டார் ஈடுகட்டும். இன்று கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட், இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் எல்லாம் இந்த வழியில்தான் அந்த மைலேஜைத் தருகின்றன. ஹைபிரிட் என்றால் பேட்டரிதான் எல்லாம் செய்கிறது என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

டர்போ பெட்ரோல் எஞ்சினில் கதை வேறு. அங்கே குறைந்த சுற்றில் ஓவர்லேப்பைக் கூட்டினால், அழுத்தத்தோடு வரும் புதிய காற்று பழைய புகையைத் துரத்திவிட்டு டர்போவையும் சீக்கிரம் சுழல வைக்கும். சிறிய டர்போ எஞ்சின்கள் 1,500 சுற்றிலேயே இழுப்பதில் இதற்குப் பங்கு உண்டு. டீசலில் ஏன் இதை அதிகம் பார்ப்பதில்லை என்றும் சிலர் கேட்பார்கள். டீசலில் த்ராட்டிலை மூடிச் சக்தியைக் குறைப்பதில்லை, எனவே உறிஞ்சும் நஷ்டம் பெரிதாக இல்லை. சுற்று வேக வீச்சும் சின்னது. பிஸ்டன் உச்சியில் வால்வுக்கு மிக அருகில் வருவதால் கேமைத் திருப்ப இடமும் குறைவு. மிட்சுபிஷி 2010-இல் 1.8 லிட்டர் கார் டீசலில் செய்து காட்டியது, ஆனால் அது பரவலாகவில்லை.

சரி, மெக்கானிக் அண்ணனின் பாதிக்கு வருவோம். இவ்வளவு நேரம் நான் சொன்னதை எல்லாம் செய்வது எஞ்சின் ஆயில். அந்த டப்பாவுக்குள் ஆயில்தான் கை, ஆயில்தான் கால். சாதா எஞ்சினில் ஆயில் வழுக்கவும் குளிர்விக்கவும் மட்டும்தான். கொஞ்சம் பழசானாலும், தடிமன் மாறினாலும் பொறுத்துக்கொள்ளும். வி.வி.டி. எஞ்சின் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. மின்வால்வுக்கு முன்னால் பல எஞ்சின்களில் கொசுவலை போன்ற ஒரு நுண்ணிய சல்லடை இருக்கும். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் சேரும் கசடு முதலில் அங்கேதான் போய் உட்காரும்.

என் நண்பர் ஒருவரின் காரில் இது நடந்தது. செக் எஞ்சின் விளக்கு, ஐடிலில் நடுக்கம், சிக்னலில் நின்றால் இரண்டு முறை அணைந்தே போனது. ஸ்கேனரில் பி0011 என்ற பிழைக் குறியீடு, அதாவது இன்டேக் கேம் கேட்ட இடத்தைவிட முன்னால் நிற்கிறது. ஓர் ஒர்க்ஷாப்பில் செயின், கேம் பல்சக்கரம் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும் என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கையொப்பம் இடுவதற்கு முன் மின்வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரே ஒரு போல்ட்தான். சல்லடை முழுக்கக் கறுப்புத் தார் மாதிரி. கழுவி, புது ஓ-ரிங் போட்டு, ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. எல்லா முறையும் இப்படி மலிவாக முடியாது, ஆனால் பார்க்க வேண்டிய முதல் இடம் அது. கேம் முன்னால் சிக்கிக்கொண்டால் ஐடில் கெடும். பின்னால் சிக்கிக்கொண்டால் ஐடில் நன்றாக இருக்கும், பிக்கப் மட்டும் காணாமல் போயிருக்கும். இரண்டாவது வகையைப் பல பேர் கண்டுபிடிக்கவே மாட்டார்கள், 'வண்டி பழசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள்.

இன்னொரு வழக்கம் நம் ஊரில் உண்டு. "வண்டி ஓடியாச்சு, கொஞ்சம் கெட்டி ஆயில் ஊத்துங்க, சத்தம் குறையும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றிவிடுவது. பழைய எஞ்சினுக்கு அது கைவைத்தியம். 5டபிள்யூ-30 என்றோ 0டபிள்யூ-20 என்றோ மேனுவலில் எழுதியிருக்கும் வி.வி.டி. எஞ்சினுக்கு அது சங்கடம். கெட்டியான ஆயில் அந்தச் சின்ன வழிகளில் போக நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் கேட்டபோது கேம் திரும்பாது. மெக்கானிக் அண்ணன் 'வி.வி.டி. செலவு வைக்கும்' என்று சொல்வது அவர் கண்ணால் பார்த்த அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பார்த்த செலவில் பெரும் பங்கு ஆயில் விஷயத்தில் காட்டிய அலட்சியத்தால் வந்தது என்று நினைக்கிறேன்.

நாற்பதாயிரம் கொடுக்கலாமா? பெட்ரோல் மிச்சத்தில் மட்டும் அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்கப் பார்த்தால் பல வருடம் ஆகும், மாதம் ஐந்நூறு கி.மீ. மட்டும் ஓட்டுபவர் அந்தக் கணக்கையே போட வேண்டாம். ஆனால் 2012 வண்டி இரண்டு வருடம் இளையது, அடுத்த தலைமுறை உடம்பு, ஓட்டும்போது கியர் மாற்றும் வேலையும் கொஞ்சம் குறைவு. பராமரிப்பு சரியாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பராமரிப்பு சந்தேகமாக இருந்தால், யோசிக்காமல் 2010-ஐ எடுங்கள்.

அதைத் தெரிந்துகொள்ள சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். கி.மீ. இடைவெளியோடு வருடத்துக்கு ஒரு முறையாவது ஆயில் மாற்றியிருக்கிறார்களா, ரசீதில் எந்தத் தடிமன் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். தேன் நிறம், வெல்லப்பாகு நிறம் என்றால் பரவாயில்லை, களிம்பாகக் கறுப்பாக ஒட்டினால் விலகிவிடுங்கள். முக்கியமானது, எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு முதல் ஸ்டார்ட்டைக் கேட்க வேண்டும். ஒரு நொடிக்குள் அடங்கினால் சரி. இரண்டு மூன்று நொடி முன்பக்கத்திலிருந்து 'கட கட கட' என்று உலோகச் சத்தம் வந்து பிறகு அடங்கினால், செயின் தளர்ந்திருக்கலாம், இல்லாவிட்டால் கேம் டப்பாவின் பூட்டுப் பின் தேய்ந்திருக்கலாம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், அல்லது விட்டுவிடலாம். விற்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் காலையில் போனதும் முதலில் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீ மட்டும் குடித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லாம வர்றேன்" என்று கிளம்பிவிடுங்கள்.